சுற்றுச்சூழல் பொறியியலும் எங்க ஊர் சாயத் தண்ணியும்

பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவன், "அண்ணா, என்விரான்மென்டல் இன்ஜினியரிங் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டான். பி.காம். படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் யோசித்தால், அருள்புரத்துக்காரர்களுக்கு இந்தப் படிப்பின் வரலாறு வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

இதன் பழைய பெயர் பொது சுகாதாரப் பொறியியல். குடிநீரும் சாக்கடையும்தான் அப்போது முக்கிய வேலை. நாக்பூரில் 1958-ல் தொடங்கிய மத்திய ஆய்வு நிலையம் இந்தப் பெயரில்தான் இருந்தது. 1974-ல் அது 'நீரி' என்று மாறி, பெயருக்குள் சுற்றுச்சூழல் வந்தது. அதே வருடம் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது.

சரி, திருப்பூருக்கு வருவோம். 1980-களில் பனியன் ஏற்றுமதி வளர வளர சாயப்பட்டறைகளும் பெருகின. கழிவெல்லாம் நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. பாசன அணையின் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது!

1990-களின் பிற்பகுதியில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. காரணம் உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் போடுவதும் உண்டு. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள், அதாவது சுமார் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும். அலசுகிற தண்ணீர் கலந்தாலும் இது முடியாத காரியம். அந்த நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கவில்லை. தெளிவாகத் தெரிந்த தண்ணீரே கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது.

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நொய்யல் பாசன விவசாயிகளும் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது.

அப்போது நான் சின்னப் பையன். சாயப்பட்டறை வேலைக்குப் போகும் அப்பா சில மாதம் வீட்டில் இருந்தார். மளிகைக் கடையில் கடன் ஏறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தீர்ப்பு தப்பு என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. கீழ்ப்பக்கத்து விவசாயிகளுக்கு அதற்கு முன்பே பல வருட வருமானம் போயிருந்தது.

அதற்குப் பிறகு வழி காட்டியதும் பொறியியல்தான். எதிர் சவ்வூடு பரவல் முறையில் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பும். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பாக்க ஏகப்பட்ட செலவு. அந்தக் கரைசலையே சுத்தம் செய்து, உப்புக்குப் பதிலாக மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம்ம அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையம்! இன்று திருப்பூரின் பொது நிலையங்கள் கழிவை வெளியே விடாத இந்தத் திட்டத்தில்தான் நடக்கின்றன.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு கிலோ துணிக்குச் சாயம், உப்பு, விறகு, கூலி எல்லாம் கணக்கில் எழுதினோம். ஆற்றின் செலவை எழுதவில்லை. அதை விவசாயியும் தொழிலாளியும் கட்டினார்கள். உப்பு எங்கே போகும் என்ற கேள்விக்கு ஆரம்பத்திலேயே விடை கண்டிருந்தால் 2011 வந்திருக்காது.

தம்பிக்கு என் பதில் இதுதான். வேலை இருக்கிறது: சுத்திகரிப்பு நிலையங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள், நீரி போன்ற ஆய்வு நிலையங்கள். பலரும் சிவில் அல்லது கெமிக்கல் முடித்துவிட்டு எம்.இ.-யில் இதை எடுக்கிறார்கள். 2021 முதல் கேட் தேர்விலும் இதற்குத் தனித் தாள் உண்டு.

படிடா தம்பி. ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே!