முதற்பெயர்: டூரண்ட் கோப்பை, 1940

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். ஒரு சமயத்தாரின் பெயரைத் தாங்கிய பெருமை ஊருக்கே பொதுவாகலாம் என்பதை நாம் அங்கே காண்கிறோம். இந்தியக் கால்பந்தின் ஒரு பருவத்தையும் அவ்வாறே வாசிக்க வேண்டும்.

1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பையில் அன்று தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு இருக்கவில்லை. அரை நூற்றாண்டாக அதை வென்றவை பிரிட்டிஷ் படைப்பிரிவுகளே. 1940இல் போட்டி தில்லிக்கு வந்தது. டிசம்பர் 12 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்றது. நடுவராக நின்றவரும் இந்தியரே: கேப்டன் ஹர்னாம் சிங். இந்திய அணியொன்று அக்கோப்பையை ஏந்தியது அதுவே முதன்முறை.

அதே ஆண்டு மார்ச்சில்தான் முஸ்லிம் லீக் லாகூர் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. ஆகவே இவ்வெற்றியை ஒரு சமூகத்தின் வெற்றியாகச் சுருக்குவது எளிது. ஆனால் கோப்பையின் பட்டியல் வேறு கதை சொல்கிறது. போரால் நின்ற போட்டி மீண்டும் நடந்த 1950இல் ஹைதராபாத் நகரக் காவல் அணி வென்றது. 1955இல் நீலகிரி வெலிங்டனின் மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி. நம்மவர் இடம்பெற்ற அவ்வரிசையின் முதற்பெயர், வெள்ளையர் வெளியேறுவதற்கு ஏழாண்டு முன்னரே பொறிக்கப்பட்டது. அது முகமதன் ஸ்போர்ட்டிங்.