போதை மரணங்களைத் தடுக்கும் மாநாடுகள்: அவை சொல்லும் பாடம் என்ன?

போதைப்பொருளுக்கு எதிரான கூட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. ஜுமுஆ பயான்களிலும் கல்லூரிப் பேரணிகளிலும் ஜமாஅத் கூட்டங்களிலும் இது பற்றித் தொடர்ந்து பேசுகிறோம். அவற்றில் பெரும்பாலும், "இதைத் தொடாதே" என்று இளைஞர்களை எச்சரிக்கிறோம். அந்த எச்சரிக்கை அவசியம்தான். ஆனால் தொட்டுவிட்டவரின் நிலை என்ன? அவர் திருந்தும் வரை உயிரோடு இருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியை மையமாக வைத்து மருத்துவர்களும் அதிகாரிகளும் கூடும் மாநாடுகள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல நகரங்களில் நடந்து வருகின்றன. அங்கே பேசப்படுபவற்றில் நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் பல உள்ளன.

லிவர்பூலில் தொடங்கிய மாநாடு

1980களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வேலையின்மையோடு சேர்ந்து ஹெராயினும் பரவியது. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தியதால் எச்.ஐ.வி. தொற்று பற்றிய அச்சமும் எழுந்தது. போதையை உடனடியாக விட முடியாதவர்களின் உயிரையாவது காப்போம் என்ற எண்ணத்தோடு அங்குள்ள மருத்துவப் பணியாளர்கள் செயல்படத் தொடங்கினார்கள். இந்த அணுகுமுறைக்குத் 'தீங்கு குறைப்பு' என்று பெயர். இதற்கான முதல் சர்வதேச மாநாடு 1990ல் லிவர்பூலில் நடைபெற்றது.

அதன் பிறகு பார்சிலோனா, மெல்போர்ன், பாங்காக் என்று பல நகரங்களுக்கு அந்த மாநாடு சென்றது. 2011ல் லெபனானின் பெய்ரூட்டிலும் 2015ல் மலேசியாவின் கோலாலம்பூரிலும் நடந்தது. இது தவிர, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 2015 முதல் போதை அடிமைத்தனம் குறித்த ஆய்வு மாநாடு நடத்தப்படுகிறது.

இத்தகைய மாநாடுகளில் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், சிறைத்துறையினர், காவல்துறையினர் எனப் பலரும் கலந்துகொள்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தந்தையரும், போதையிலிருந்து மீண்டு வந்தவர்களும் அதே அரங்கில் பேசுகிறார்கள். ஒருவர் கடைசியாக எந்த மருத்துவமனைக்குப் போனார், எந்தச் சிறையிலிருந்து வெளியே வந்தார், இறக்கும்போது அருகில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு மரணத்தையும் பின்னோக்கி ஆராய்கிறார்கள். எந்த இடத்தில் யார் கை கொடுத்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்று கண்டறிவதே இதன் நோக்கம்.

மரணம் எப்படி நிகழ்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ல் போதைப்பொருள் தொடர்பான மரணங்கள் உலகளவில் சுமார் 6 லட்சம். அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு 'ஓபியாய்டு' எனப்படும் அபின் வகை மருந்துகளோடு தொடர்புடையவை. ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், சில கடுமையான வலி நிவாரணி மாத்திரைகள் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

இவை அளவு மீறும்போது, மூச்சு விடும்படி உடலுக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதி மந்தமாகிவிடுகிறது. மூச்சு மெதுவாகிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது. தொண்டையில் குறட்டை போன்ற சத்தம் கேட்கும். பிறகு மூச்சு நின்றுவிடும். பல நேரங்களில் இது ஒரு நொடியில் நடந்து முடிவதில்லை. பல நிமிடங்கள், சில வேளை மணிக்கணக்கிலும் ஆகலாம். பெரும்பாலும் பக்கத்தில் நண்பரோ குடும்பத்தினரோ இருக்கிறார்கள். "போதையில் தூங்குகிறான், காலையில் எழுந்துவிடுவான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து புரிந்தவர்கள்கூட போலீஸுக்குப் பயந்தோ ஊர் வாய்க்குப் பயந்தோ ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்குகிறார்கள்.

மாநாடுகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் உண்மை இதுதான். விஷம் பாதி கொல்கிறது. தயக்கம் மீதியைக் கொல்கிறது.

நலோக்சோன் என்னும் மாற்று மருந்து

அபின் வகை மருந்தின் விளைவை முறிக்கும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் நலோக்சோன். 1961ல் இதற்கான காப்புரிமை விண்ணப்பம் அமெரிக்காவில் தாக்கல் செய்யப்பட்டது. 1971ல் அந்நாட்டு அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஊசியாகவோ மூக்கில் தெளிப்பாகவோ கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். இதில் போதை கிடையாது; இதற்கு அடிமையாகவும் முடியாது.

பல ஆண்டுகள் இது மருத்துவமனைகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் மட்டுமே இருந்தது. ஆனால் மூச்சு நிற்பதோ வீட்டில், தெருவில். 1996ல் சிகாகோ நகரின் ஒரு தொண்டு அமைப்பு இதைப் போதைப் பழக்கம் உள்ளவர்களின் கையிலேயே கொடுத்துப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2011ல் ஸ்காட்லாந்து இதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது. 2014ல் உலக சுகாதார நிறுவனம், இத்தகைய ஆபத்தை நேரில் காண வாய்ப்புள்ள எவருக்கும் இந்த மருந்து கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023ல் அமெரிக்காவில் இதன் மூக்குத் தெளிப்பை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்க அனுமதி வந்தது.

இதற்கு வரம்புகளும் உண்டு. மது, தூக்க மாத்திரை போன்றவற்றின் விளைவை இது முறிக்காது. இதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு மூச்சு மீண்டும் மந்தமாகலாம். ஆகவே மருந்து கொடுத்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது கட்டாயம். இந்தியாவில் இது பெரும்பாலும் மருத்துவமனைகளில் ஊசி மருந்தாகவே பயன்படுகிறது.

மருந்து மட்டும் போதாது: ஸ்காட்லாந்தின் அனுபவம்

ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அங்கு 2011ல் போதை மரணங்கள் 584. அதே ஆண்டில் நலோக்சோன் திட்டம் தொடங்கியும் எண்ணிக்கை குறையவில்லை. 2020ல் 1,339 ஆக உயர்ந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்காட்லாந்து அரசும் பிரிட்டன் அரசும் கிளாஸ்கோ நகரில் அடுத்தடுத்த நாட்களில் தனித்தனியே மாநாடு நடத்தும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

காரணங்கள் பல. ஹெராயினோடு போலி மயக்க மாத்திரைகளையும் மதுவையும் கலந்து எடுப்பவர்கள் பெருகியிருந்தனர். இறந்தவர்களில் பலர் நடுத்தர வயதினர்; நீண்ட காலப் பழக்கத்தால் உடல் நலிந்தவர்கள். சிகிச்சைக்கு வந்து பாதியில் நின்றுபோனவர்களும் அதிகம். உறவுகள் கைவிட, பூட்டிய அறைக்குள் தனியாக இருந்தவருக்கு நலோக்சோனை எடுத்துக் கொடுக்க யார் இருப்பார்கள்?

பின்னர் அங்கே காவலர்களுக்கும் நலோக்சோன் வழங்கப்பட்டது. கைது செய்ய வருபவர் என்று அஞ்சப்பட்டவரே உயிர் காக்கும் மருந்தோடு வந்தார். 2024ல் மரணங்கள் 1,017 ஆகப் பதிவாயின. குறைந்திருக்கிறது, ஆனால் 2011ஐ விட இன்னும் மிக அதிகம்.

திரும்பி வந்தவருக்கே அதிக ஆபத்து

இந்த மாநாடுகளில் வலியுறுத்தப்படும் ஒரு கண்டுபிடிப்பை ஒவ்வொரு பெற்றோரும் மனதில் பதிக்க வேண்டும். தொடர்ந்து போதை எடுப்பவரின் உடல் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ சில வாரங்கள் விட்டிருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும. வெளியே வந்து ஒரு நாள் சறுக்கி, பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 30,000க்கும் அதிகமான முன்னாள் கைதிகளிடையே செய்யப்பட்ட ஆய்வு 2007ல் வெளியானது. விடுதலையான முதல் 2 வாரங்களில் அவர்கள் அளவு மீறிய போதையால் இறக்கும் ஆபத்து, அதே பகுதியின் பொதுமக்களை விட 129 மடங்கு என்று அது காட்டியது.

மையத்தில் சேர்த்து எடுத்தாயிற்று, பிள்ளை திருந்தி வந்துவிட்டான் என்று குடும்பம் நிம்மதி அடையும் நாட்களே அவனை அதிகம் கவனிக்க வேண்டிய நாட்கள். கண்காணிப்பு என்ற பெயரில் கைதியைப் போல நடத்த வேண்டியதில்லை. தனியாக விடாமல், தொழுகைக்கும் வேலைக்கும் கூடவே அழைத்துச் சென்று, மருத்துவரின் அடுத்த சந்திப்பு தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முஸ்லிம் நாடுகளில்

அபின் விளையும் ஆப்கானிஸ்தானுக்கு அண்டை நாடான ஈரான், இந்தச் சிக்கலை நீண்ட காலமாகச் சந்தித்து வருகிறது. கடுமையான தண்டனைச் சட்டங்கள் உள்ள அந்நாட்டிலேயே சிறைகளுக்குள் மெத்தடோன் சிகிச்சை வழங்கப்படுகிறது. மெத்தடோன் என்பது மருத்துவரின் மேற்பார்வையில் அளவோடு தரப்படும் மாற்று மருந்து. இது ஹெராயின் தேடி அலையும் வெறியைத் தணித்து, இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப உதவுகிறது.

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2010ல் கோலாலம்பூரின் அர்ரஹ்மான் பள்ளிவாசலிலேயே இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். மருந்தோடு மார்க்க வழிகாட்டலும் ஒரே இடத்தில் கிடைத்தது. பள்ளிவாசல் பக்கமே வரக் கூசியவர்கள் அதே பள்ளிவாசலின் வாசலில் நோயாளிகளாக வரவேற்கப்பட்டார்கள்.

மறைப்பதும் காப்பதும்

போதை தரும் அனைத்தும் ஹராம் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இங்கே பேசுவது அந்த ஹராமை இலேசாக்குவதற்காக அல்ல. ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் அறிவைக் காப்பதும் உண்டு. உயிரைக் காப்பதும் உண்டு. அறிவைக் கெடுத்துக்கொண்டவரின் உயிரைக் காக்க வேண்டியதில்லை என்று எந்த இமாமும் சொன்னதில்லை. ஓர் உயிரை வாழ வைப்பதன் மதிப்பை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி.

அடுத்தவரின் குறையை மறைப்பது நன்மையான செயல். அந்த நன்மையின் பெயரால், மயங்கிக் கிடப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது சரியாகுமா? பாவத்தை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு. நோயை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது வேறு.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி. வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வது பற்றிய செய்திகள் தமிழகத்திலும் வருகின்றன. ஆகவே இது வேறு நாட்டுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது.

- மயங்கிக் கிடப்பவர் தட்டி அழைத்தும் விழிக்கவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
- மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் அடைக்காது. மூச்சு நின்றுவிட்டால், 108ல் பேசுபவர் சொல்வதைக் கேட்டு முதலுதவி செய்யுங்கள். தனியே விட்டுச் செல்லாதீர்கள்.
- மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டாதீர்கள்.
- எதை எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டை கிடைத்தால் கையோடு கொண்டுசெல்லுங்கள்.
- நீண்ட நாள் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.
- ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446 உள்ளது.
- வழக்கு வந்துவிடும் என்று அஞ்சி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்திற்கோ உள்ளான அடிமைப்பட்டவர், தாமாகவே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஜமாஅத் நிர்வாகிகளும் இதில் பங்கெடுக்கலாம். ஊருக்கு இருவருக்காவது முதலுதவிப் பயிற்சி கொடுக்கலாம். நள்ளிரவில் ஒரு தாய் பயமில்லாமல் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணை அறிவிக்கலாம். அந்த அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "யார் வீட்டுப் பிள்ளை?" என்றல்ல, "மூச்சு இருக்கிறதா?" என்றுதான்.

தவ்பாவின் வாசல் உயிர் தொண்டைக்குழியை அடையும் வரை திறந்திருக்கிறது. அந்த வாசலுக்கு வந்து சேரும் வரை நம் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க வல்ல ரஹ்மான் நமக்கு உதவி செய்வானாக! ஆமீன்.