கதிர்காமப் பாதை: காட்சியும் நிலமும்

தம்பிலுவிலை ஊடறுத்துத் தெற்கே பொத்துவில் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் இன்று இருவகைப் பயணிகளைக் காணலாம். கதிர்காமத்து ஆடிவேல் விழாவுக்கு வாரக்கணக்காக நடந்து செல்லும் அடியார்கள் ஒரு வகையினர். அறுகம்குடாவில் தங்கி, வான்களில் ஏறி, பொத்துவில் முகுது மகா விகாரை, லகுகலைக் குளத்து யானைகள், மகுல் மகா விகாரை, குடும்பிகலைக் குகைகள், குமணைப் பறவைகள் என ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துத் திரும்பும் உல்லாசப் பயணிகள் மற்றொரு வகையினர். பாதை ஏறத்தாழ ஒன்றே; வழியிற் படும் கோயிலும் தாதுகோபமும் குளமும் அவையே. எனினும் முன்னவருக்கு அவை வழியில் தங்குமிடங்கள், பின்னவருக்குக் காட்சிகள். தங்குமிடம் காட்சியாக மாறிய வரலாறே இக்கட்டுரையின் பொருள். அது சமய வரலாறாகவே இதுவரை பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அடிப்படையில் அது நில வரலாறு என்பதே எமது கருத்து.

தம்பிலுவில் கல்வெட்டிலிருந்து தொடங்குவது பொருந்தும். சங்கபோதி என்னும் பட்டம் தாங்கிய விஜயபாகு என்ற மன்னனின் பத்தாம் ஆட்சியாண்டில், சிவஞானசங்கரர் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடையை அது தமிழிற் பதிவு செய்கிறது. கோட்டை அரச காலத்துக்குரியதாக அது பொதுவாகக் கொள்ளப்படும். பௌத்த அரச மரபின் பட்டம், சைவக் கோயில், தமிழ் மொழி ஆகிய மூன்றும் ஒரே கல்லிற் சந்திப்பதைக் கண்டு நமது அறிஞர் பலர் சமய ஒற்றுமை எனப் பூரிப்பர். பூரிப்பதில் தவறில்லை, ஆனால் அக்கல் பேசுவது ஒற்றுமையைப் பற்றியன்று, கொடையைப் பற்றி. இன்ன வருவாய் இன்ன கோயிலுக்குரியது என்பதே அதன் செய்தி. அந்த வருவாயை மண்ணிலிருந்து எடுத்தவன் பெயர் கல்லில் இல்லை.

அயலிலுள்ள திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் 'தேசத்துக் கோயில்' என வழங்கப்படுவது இவ்விடத்து நோக்கத்தக்கது. தேசத்துக் கோயில் என்பது வெறும் மதிப்புப் பெயரன்று. வன்னிமைகளும் குடிகளும் சாதிகளும் தத்தமக்குரிய உரிமையையும் ஊழியத்தையும் ஒழுங்கமைத்துக்கொண்ட நிறுவனத்தின் பெயர் அது. எப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' இவ்வொழுங்கையே மீண்டும் மீண்டும் பேசுகிறது. மாகோன் வகுத்ததாக அந்நூல் கூறும் முறைமைகளை வரலாற்று நிகழ்ச்சிகளாக அப்படியே ஏற்க இயலாது. ஆனால் யார் யாருக்கு ஊழியஞ் செய்யவேண்டும் என்பதைப் பழமையின் பெயரால் நிலைநிறுத்த முயன்ற ஒரு நிலமானியக் கருத்துநிலையின் சான்றாக அது விலைமதிப்பற்றது. தாய்வழிக் குடி முறை இக்கரையோரத்துத் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடையேயும் அது வேரூன்றியிருப்பதை டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்துள்ளார். சமயம் இருவேறாயினும், காணி பெண்வழி சீதனமாக இறங்கும் முறை இரு சமூகத்துக்கும் பொதுவானது.

மேலிருப்போரின் கொடைக் கல்வெட்டுகளுக்குக் கீழே இன்னொரு தளம் உண்டு. வைகாசியில் தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயிலிற் குளிர்த்தி நடைபெறும், வழக்குரை படிக்கப்படும். மழை பொய்த்த காலத்திலும் அம்மை நோய் பரவிய காலத்திலும் இப்பகுதியினர் கொம்புமுறி ஆடினர். தெற்கே பாணமையில் பத்தினித் தெய்வத்துக்குச் சிங்கள மொழி பேசுவோர் ஆடும் 'அங் கெலிய'வும் அதே கொம்பு விளையாட்டுத்தான். கண்ணகை பத்தினியானாள் என்றோ பத்தினி கண்ணகையானாள் என்றோ வாதிடுவோர், இருவரையும் அழைத்த கமக்காரன் வானம் பார்த்த பூமியில் நின்றே அழைத்தான் என்பதை மறந்துவிடுகின்றனர். கதிர்காமத்தில் முருகனுக்கும் கிரி விகாரைக்கும் அயலிலேயே கிழுறு நபி பெயரிலான பள்ளிவாசலிலும் கொடி ஏறுகிறது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போகும் மக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பொத்துவிலிலிருந்து மேற்கே திரும்பினால் லகுகலை. அங்குள்ள மகுல் மகா விகாரை, காவந்திஸ்ஸனுக்கும் துட்டகைமுனுவின் தாயாகிய விகாரமகாதேவிக்கும் திருமணம் நடந்த இடமெனப் பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. 'மகுல்' என்றால் மங்கலம், திருமணம். மணமேடை எனக் கருதப்படும் கல்மேடையும் உண்டு. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். அங்கே கிடைத்த 14 ஆம் நூற்றாண்டுச் சிங்களக் கல்வெட்டோ வேறொரு கதையைக் கூறுகிறது. தாதுசேனன் கட்டிய விகாரை பழுதுற்றுக் கிடந்ததாகவும், விகாரமகாதேவி என்னும் பெயருடைய அரசி அதனைப் புதுப்பித்து நிலங்களை அளித்ததாகவும் அது சொல்கிறது. அவ்வரசி 14 ஆம் நூற்றாண்டினள். துட்டகைமுனுவின் தாயோ கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டினள். பெயரொற்றுமை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளை விழுங்கிவிட்டது. திருமணக் கதை நிலைத்தது, நிலக்கொடை மறைந்தது. தம்பிலுவிற் கல்லும் மகுல் விகாரைக் கல்லும் மொழியாலும் சமயத்தாலும் வேறு, பொருளால் ஒன்றே. குளத்து நீரில் விளைந்த உபரியே இரண்டையும் எழுப்பியது.

இக்கொடை முறையின் இடத்தில் பிரித்தானியர் வேறொரு உடைமை முறையைக் கொணர்ந்தனர். 1840 இன் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டது. சேனை செய்தவனிடம் உறுதிப்பத்திரம் ஏது? 1848 இன் தெருக் கட்டளைச் சட்டம், வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும் அல்லது ஈடாகப் பணம் கட்டவேண்டும் என விதித்தது. இன்று காட்சி காணச் செல்வோர் ஓடும் இத்தீவின் தெருக்களுக்கு இவ்வாறான கட்டாய உழைப்பும் அடியில் உண்டு. வாந்திபேதியைக் காரணங்காட்டிக் கதிர்காம யாத்திரையும் கட்டுப்படுத்தப்பட்டது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வூல்ஃப் அந்த யாத்திரையை மேற்பார்வை செய்தவர். சேனைக் குடியானவனை அரசும் முதலாளியும் காடும் சேர்ந்து நெரிப்பதை அவரே 1913 இல் நாவலாக எழுதினார். நிர்வாகி செய்ததை நாவலாசிரியன் மறுத்தான் எனலாம்.

முடிக்குரிய காடு பின்னர் காப்புக்காடாயிற்று, காப்புக்காடு பூங்காவாயிற்று. யால 1938 இலும், குமணையை உள்ளடக்கிய கிழக்கு யால 1970 இலும் தேசியப் பூங்காக்களாயின. உகந்தை மலை முருகன் கோயிலைக் கடந்து கும்புக்கன் ஆற்றைத் தாண்டி, வியாழை, கட்டகாமம் வழியாகச் செல்லும் நடைபாதை இப்பூங்காக்களுக்குள்ளேயே கிடக்கிறது. போர்க்காலத்தில் கிழக்கு யால மூடப்பட்டு 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது. பூங்காக் கட்டணம் செலுத்தும் வாகனத்துக்கு ஆண்டின் பெரும்பகுதி வாயில் திறந்திருக்கிறது. நடந்து செல்பவனுக்கோ, அதிகாரிகள் குறிக்கும் சில நாள்களுக்கு மட்டுமே காட்டுப்பாதை திறக்கும். தன் முன்னோர் மிதித்துண்டாக்கிய பாதைக்கு அவன் திகதி கேட்டுக் காத்திருக்கிறான்.

சுதந்திரத்தின் பின் நிலப் பிரச்சினை இன முகம் பூண்டது. பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. 1956 இல் அங்கு இனக் கலவரம் வெடித்தது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அப்பகுதியிலேயே சத்தாதிஸ்ஸனின் தீகவாபித் தாதுகோபமும் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த முஸ்லிம்களுக்கெனச் சவூதி அரேபிய நிதியில் அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. தீகவாபிப் புனித நிலம் என்ற வாதம் எழுந்து வழக்காகி, 2009 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின்னும் வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிப் பற்றை மூடிக் கிடந்தன. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அன்று கல்வெட்டு நிலத்துக்கு உறுதியாயிருந்தது. இன்று தொல்லியற் பெயர்ப்பலகை அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

காட்சியாக்கம் இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. கிழக்குத் திபெத்தின் கியால்ரொங் பகுதியிலுள்ள உயர்ந்த கற்கோபுரங்கள் 18 ஆம் நூற்றாண்டில் சிங் பேரரசின் படைகளை நீண்டகாலம் தடுத்து நிறுத்தியவை. இன்று அவை உல்லாசப் பயணத்தின் பின்னணிப் படங்கள். யாருக்கு எதிராக எழுந்தன என்பது படத்தில் விழுவதில்லை.

இவ்வளவும் சொன்னபின், இதனைச் சிங்களவர் எதிர் தமிழர், முஸ்லிம் என்று மட்டும் முடிப்பது எளிது. பொத்துவிலுக்கும் உகந்தைக்கும் இடையிலுள்ள பாணமை அதற்கு இடந்தரவில்லை. சிங்களமும் தமிழும் கலந்த மரபினைக் கொண்ட அவ்வூரின் அயற் குடியிருப்புகளிலிருந்து, 2010 ஜூலையில் ஏறத்தாழ 350 குடும்பங்கள் ஆயுதம் தாங்கியோரால் விரட்டப்பட்டன. அவர்களிற் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகளும் மீனவருமாவர். அந்நிலங்களிற் படை முகாம்களும், வாவியோரத்தில் உல்லாச விடுதியும் தோன்றின. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்காமையால், 2016 இல் மக்கள் தாமே உள்நுழைந்து குடிசைகளை அமைத்துக்கொண்டனர். உகந்தைக்கு நடந்து செல்லும் அடியார் இந்த ஊரையும் கடந்தே செல்கின்றனர்.