வாரம் பெர்சி: ஆடுகளுக்காகக் காலிசெய்யப்பட்ட சிற்றூர்

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரின் சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்த சிற்றூர் வாரம் பெர்சி. 1086இல் அரச ஆணைப்படி தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டில் இவ்வூர் இடம்பெற்றிருக்கிறது. பிற்காலத்தில் இங்கே நிலக்கிழார்களாக இருந்த பெர்சி குடும்பத்தாரின் பெயர் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது.

குடியானவர்களின் வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீண்ட கொல்லை. ஊரைச் சுற்றி வேலியில்லாத பெருவயல்கள். அவற்றில் நீளநீளமான துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு மக்கள் தானியம் விளைவித்தார்கள். பள்ளத்தாக்கில் புனித மார்ட்டின் தேவாலயம் இருந்தது.

ஊர் அழிந்தது 1349ஆம் ஆண்டின் கொள்ளைநோயால்தான் என்று பலரும் எண்ணுவதுண்டு. அது சரியல்ல. நோய்க்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கே உழவு நடந்தது. ஆனால் நோய் நாடு முழுவதும் ஆட்களைக் குறைத்துவிட்டிருந்தது. கூலி ஏறியது, தானிய விலை சரிந்தது, கம்பளிக்கோ நல்ல விலை கிடைத்தது. பல குடும்பங்கள் உழுத நிலத்தில் ஆடு மேய்க்க ஓரிரு இடையர்கள் போதும். நிலக்கிழார்கள் இந்தக் கணக்கைப் போட்டார்கள். உழவர் வீடுகளை இடிப்பதற்கு எதிராக 1489இல் சட்டம் வந்தும் வெளியேற்றம் நிற்கவில்லை. ஏறத்தாழ 1500 அளவில், ஹில்டன் குடும்பத்தின் உடைமையாக இருந்தபோது, கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. 1517இல் தொடங்கிய அரசு விசாரணையின் பதிவில் இவ்வூருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது: நான்கு வீடுகள் இடிந்தன, நான்கு ஏர்கள் நின்றன. ஒரு ஏர் நின்றால் அதை நம்பியிருந்த குடும்பத்தின் பிழைப்பே நின்றுபோகும். ஊரைக் கொன்றது நோயல்ல, நில உடைமையாளரின் லாபக் கணக்கு.

பக்கத்து ஊர்களுக்கும் பொதுவானதாக இருந்ததால் புனித மார்ட்டின் தேவாலயம் மட்டும் தப்பியது. 1870இல் திக்சென்டேல் ஊர் தனக்கெனத் தேவாலயம் கட்டிக்கொண்ட பின் இங்கே வருவோர் குறைந்தனர். 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

புல்தரையில் தெரிந்த மேடுபள்ளங்கள் பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டை 1948இல் இங்கே ஈர்த்தன. 1950இல் தொடங்கிய அகழாய்வில் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் சேர்ந்துகொண்டார். ஆண்டுதோறும் கோடையில் தன்னார்வலர்கள் கூடித் தோண்ட, 1990 வரை பணி நீண்டது. இந்த அகழாய்வுக்கு முன் ஆய்வாளர்கள் கோட்டைகளையும் மடங்களையுமே பெரிதும் தேடினார்கள். இங்கே குடியானவரின் அடுப்படியும் தொழுவமும் வரலாற்றுச் சான்றுகளாயின. ஒரே கூரையின்கீழ் ஒரு முனையில் மனிதர்களும் மறு முனையில் மாடுகளும் வாழ்ந்த நீள்வீடுகள் வெளிப்பட்டன. இடுகாட்டில் கிடைத்த எலும்புக்கூடுகள் ஏறத்தாழ 700. தாய்மார்கள் குழந்தைகளுக்கு ஒன்றரை வயது அளவில் பால்குடி மறக்கச் செய்ததையும், அதன்பின் பிள்ளைகளின் வளர்ச்சி குன்றியதையும் அந்த எலும்புகள் காட்டின.

இங்கிலாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் 3,000க்கு மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றுள் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று வாரம் பெர்சி. அதன் ஆய்வறிக்கை 13 தொகுதிகளாக வெளிவந்து 2012இல் நிறைவுற்றது.