வறியோர் வீடும் அரசின் பிணையும்

குறைந்த வருமானமுடையோரும் அரசின் உதவிப்பணத்தைக் கொண்டு வாழ்வோரும் அடமானக் கடன் பெற்றுச் சொந்த வீடு வாங்க இயலுமா? இயலும் என அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1968இல் விடையிறுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட வீட்டுவசதிச் சட்டத்தின் 235ஆம் பிரிவே அவ்விடையாகும். ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் காரணம் நாம் சற்று ஊன்றிக் கவனித்தற்குரியது.

1934இல் நிறுவப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் தானே கடன் கொடுப்பதன்று. கடன் கொடுப்போருக்குப் பிணை நிற்பது. வாங்கியவர் தவணை தவறின், வங்கியின் இழப்பை அது ஈடுசெய்யும். ஆனால் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை நம்பத்தகாதவை எனக் கணித்து அது நெடுங்காலம் ஒதுக்கிவந்தது. இப்பிணையால் வளர்ந்தவை பெரும்பாலும் வெள்ளையரின் புறநகர்களே. 1967இல் டெட்ராய்ட் முதலிய நகரங்களில் கலவரங்கள் மூண்ட பின்னரே ஆட்சியாளர் இவ்வநீதியை விரைந்து நோக்கலாயினர்.

235ஆம் பிரிவின்படி, வாங்குவோர் தம் வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தவணையாகச் செலுத்தினர். வட்டிச்சுமை 1 விழுக்காடாகக் குறையும் அளவுவரை அரசு மானியம் அளித்தது. வருமானம் மிகக் குறைந்தோருக்கு முன்பணம் 200 டாலரே போதுமானதாயிருந்தது. உதவிப்பணம் பெற்றுத் தனியே பிள்ளைகளை வளர்த்த தாய்மாரும் வீட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர்.

இங்கேதான் கேடு புகுந்தது. பிணை முழுமையாயிருந்ததால் கடன் கொடுத்த நிறுவனத்திற்கு நட்ட அச்சமில்லை. கடன்தோறும் கட்டணமோ உண்டு. தரகர்கள் பாழடைந்த வீடுகளை மலிவாக வாங்கி, மேற்பூச்சு மட்டும் பூசி, கைக்கூலி பெற்ற மதிப்பீட்டாளரின் சான்றோடு பன்மடங்கு விலைக்கு விற்றனர். குளிர்காலம் வந்ததும் வீட்டைச் சூடேற்றும் கருவி பழுதுற்றது; கூரை ஒழுகிற்று; கழிவுநீர் நிலவறையில் தேங்கிற்று. தவணை போக எஞ்சிய சிறு தொகையில் இவற்றைச் சீர்செய்வதெங்ஙனம்? குடும்பங்கள் வெளியேறின, நிறுவனங்கள் ஈட்டுத்தொகையைப் பெற்றுக்கொண்டன. டெட்ராய்டில் பலகையடித்து மூடப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் அரசின் கையில் வந்து விழுந்தன.

அத்தாய்மாருக்கு வீடு பேணத் தெரியவில்லை என்று பழிகூறினோர் பலர். இப்பழி பொருந்தாது. நகர்ப்புறப் பழைய வீடுகள் கறுப்பினத்தாருக்கும் புறநகர்ப் புதுவீடுகள் வெள்ளையருக்குமே பெரும்பாலும் சென்றன எனக் குடியுரிமை ஆணையம் 1971இல் எடுத்துக்காட்டிற்று. ஒரே சட்டத்தின் மானியம், வீட்டின் தரத்தில் இத்துணை வேற்றுமை! ஏழையின் வருமானத்தைத் துருவி ஆராய்ந்த அலுவலர், விற்பவனின் கூரையை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்றே கூறவேண்டும்.

1973 ஜனவரியில் நிக்சன் அரசு புதிய மானியங்களை நிறுத்திவைத்தது. எனினும் அவ்வினா மறையவில்லை. 1974ஆம் ஆண்டின் சமவாய்ப்புக் கடன் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது, விண்ணப்பதாரரின் வருமானம் அரசு உதவியிலிருந்து வருகிறது என்பதனாலேயே அவருக்குக் கடன் மறுத்தல் சட்டத்திற்குப் புறம்பாயிற்று. வாடகைக்கென அளிக்கப்பட்ட உதவியை வீட்டுக்கடன் தவணைக்குப் பயன்படுத்தவும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. 2000இல் வகுக்கப்பட்ட அதன் விதிகளில் ஒன்று 1968இல் இல்லாதது: வாங்கும் குடும்பம் தானே தெரிந்தெடுத்த பரிசோதகர் ஒருவர், விற்பவரோடு தொடர்பற்றவராய், வீட்டை முழுமையாகச் சோதித்து அறிக்கை தரவேண்டும்.