நிண்டெண்டோ லேபோவின் தொடக்க விற்பனை

நிண்டெண்டோ லேபோ என்பது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தனது ஸ்விட்ச் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட அட்டைப் பொம்மைத் தொகுப்பு ஆகும். 2018 ஏப்ரல் 20 அன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. பியானோ, தூண்டில், மோட்டார் சைக்கிள் முதலியவற்றைச் சிறுவர்களே அட்டையை மடித்துச் செய்ய வேண்டும். ஸ்விட்சின் கைப்பிடியை உள்ளே செருகியதும் பொம்மை இயங்கத் தொடங்கும். பியானோ கட்டையை அழுத்தினால், அதன் பின்புறம் ஒட்டிய வில்லையைக் கைப்பிடியிலுள்ள அகச்சிவப்புக் கேமரா கண்டறியும். உரிய சுரம் ஒலிக்கும். சிறு வண்டியோ கைப்பிடிகளின் அதிர்வினாலேயே நகரும்.

2018 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இரு தொகுப்புகளும் சேர்ந்து 13.9 லட்சம் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. இது வெற்றியா, தோல்வியா?

முதலில் அந்த எண்ணின் பொருளைப் பார்க்க வேண்டும். அது கடைகளுக்கு அனுப்பிய சரக்கின் கணக்கு. தாம்பரம் சண்முகம் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தீபாவளிக்கு இறக்கிய சரக்கு வேறு, கல்லாவில் விழுந்த பணம் வேறு. கடையில் தங்கிப்போன பொம்மையும் மொத்த வியாபாரியின் ஏட்டில் விற்றதாகவே இருக்கும்.

அடுத்தது, வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது. தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் வளர்ந்த பலருக்கு பிரிக் கேம் நினைவிருக்கும். அதற்குப் பேட்டரி போதும். லேபோவுக்கு முதலில் ஸ்விட்ச் வேண்டும். 2018 ஜூன் முடிவில் உலகெங்கும் விற்றிருந்த ஸ்விட்ச் 1.967 கோடி. ஆக, நூறு கருவிகளுக்கு ஏழு லேபோ. அட்டைப் பொம்மைக்கு இது குறைவான தொடக்கமல்ல.

ஆனால் அதே அறிக்கையில் மரியோ டென்னிஸ் ஏசஸ் 13.8 லட்சம் என்று இருந்தது. அது வெளியானதோ ஜூன் 22. லேபோ பத்து வாரத்தில் எட்டியதை அது ஒன்பது நாளில் எட்டிவிட்டது. இந்த ஒப்பீட்டை வைத்தே லேபோ தோற்றதென்று சொல்வது அவசரம். மரியோவுக்குப் பழைய ரசிகர்கள் முதல் வாரமே வருவார்கள். பொம்மையைப் பெற்றோர் பிறந்தநாளுக்கும் விடுமுறைக்கும் பார்த்து வாங்குவார்கள். 2005இல் இதே நிறுவனம் வெளியிட்ட மூளைப் பயிற்சி விளையாட்டும் மெதுவாகத் தொடங்கி, உலக அளவில் 1.9 கோடியைத் தாண்டியது.

அமெரிக்காவில் சுமார் 100 தொடக்கப் பள்ளிகளில் லேபோவைக் கொண்டுசெல்லும் திட்டம் ஒன்றும் 2018 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. வகுப்புக்கு வாங்கிய தொகுப்பைப் பல பிள்ளைகள் சேர்ந்து பயன்படுத்துவார்கள்; விற்பனைக் கணக்கில் அது ஒன்றாகவே நிற்கும்.

லேபோவுக்கு மூளைப் பயிற்சியின் நீண்ட ஓட்டம் அமையவில்லை. ஒருமுறை செய்து முடித்த அட்டைப் பொம்மை, அடுத்த தொகுப்பை வாங்கத் தூண்டவில்லை எனலாம். 2018 செப்டம்பரில் வாகனத் தொகுப்பும், 2019 ஏப்ரலில் மெய்நிகர்க் காட்சித் தொகுப்பும் வந்தன. அதன்பின் அந்த வரிசையில் புதிய தொகுப்பு எதுவும் வெளிவரவில்லை.