1898 பெங்களூர்ப் பிளேக்: வரலாறும் தொன்மமும்

ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் பரவியது. விக்டோரியா மருத்துவமனை அந்நோயின் விளைவாகவே தோன்றியது எனக் கூறப்படுவதுண்டு. ஆனால், விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சி நினைவாக 1897 ஜூனிலேயே அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திறப்புவிழா நிகழ்ந்த 1900ஆம் ஆண்டை மட்டும் நோக்குவதால் இம்மயக்கம் எழுகிறது.

மாறாக, தொன்மம் என ஒதுக்கப்படும் பிளேக் மாரியம்மன் வழிபாடு, பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் மக்கள் நோயை எதிர்கொண்ட முறைக்குச் சான்றாக நிற்கிறது. அம்மன் நோயைத் தணித்தாள் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கை கோயிலாக நிலைபெற்றது வரலாறு.

அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளின் பிளேக் நினைவுகளைத் தொகுப்போர், கட்டடங்களின் தோற்றக் கதைகளைக் காலவரிசையால் சோதித்தலும் வழிபாட்டை ஆவணமாக வாசித்தலும் வேண்டும்.